கோசுமல்லியில் ஒரு கைப்பிடிக் கீரை

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தேரோடும் வீதிகளில் காலை ஏழு மணிக்கு முன்பே கீரைக் கூடை வந்துவிடும். "இன்னிக்கு என்ன கீரைம்மா?" என்று வாசலில் நின்று கேட்டால், "முளைக்கீரை, அரைக்கீரை இருக்கு, மணத்தக்காளி நாலே கட்டுதான், எடுத்துக்கக்கா" என்று பதில் வரும். வாங்குகிறவர் மனசில் அங்கேயே சமையல் முடிவாகிவிடும். ஒன்று மசியல், இல்லாவிட்டால் கூட்டு, மணத்தக்காளி என்றால் தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணிச்சாறு. எதுவானாலும் அடுப்பேறாமல் கீரை இலைக்கு வராது. கீரையைப் பச்சையாக நறுக்கிப் பழத்தோடு கலந்து தின்னலாம் என்று யாராவது சொன்னால், "ஆடு மாடா நாம?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதே ஊர் ஓர் இலையைப் பச்சையாகவே தின்கிறது. பந்தி எழுந்ததும் தாம்பாளத்தில் வருகிற வெற்றிலைதான் அது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. காவிரி வண்டலில் விளைந்த அந்தக் கொழுந்தைத் துடைத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து மெல்லுகிற ஊருக்குப் பச்சை இலையின் காரலும் துவர்ப்பும் புதிதல்ல. சாப்பாட்டுக்குப் பின்னால் ஒத்துக்கொண்ட இலைக்குச் சாப்பாட்டுக்கு நடுவிலும் ஓரிடம் கொடுக்கலாம். அதற்கான பாத்திரம் டெல்டா வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் கோசுமல்லி.

ஊறவைத்த பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய தேங்காய், கிள்ளிப்போட்ட பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, மேலே கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் கோசுமல்லி. ராமநவமியன்று பானகம், நீர்மோரோடு சேர்த்துக் கொடுக்கிற வடைப்பருப்பும் கிட்டத்தட்ட இதுதான்; அதில் மாங்காய் கட்டாயம். 'சாலட்' என்ற பெயர் கல்யாணச் சமையல் பட்டியலில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இது வாழையிலையின் மேல்பாதியில் இடம்பிடித்துவிட்டது.

ராமநவமிக்கும் இந்தப் பருப்புக்கும் உள்ள தொடர்பு பக்தியோடு முடிவதில்லை. வயலிலும் ஒரு காரணம் இருக்கிறது. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கிற வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் விதைத்துவிடுவது டெல்டா வழக்கம். தனியாக உழவு கிடையாது. மண்ணில் தங்கிய ஈரத்தையும் பனியையும் குடித்தே பயிர் வளர்ந்துவிடும். பக்கத்து ஊரான ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் தரிசுப் பயிருக்கென்றே பயறு ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. ஆடுதுறை 3 உளுந்து அதில் பெயர் பெற்றது. பங்குனி, சித்திரையில் பயறு வீடு வந்து சேரும்போது மரத்தில் மாங்காய் தொங்குகிறது, சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு குவிகிறது. வெயில் ஏறுகிற அந்த நாட்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீரான வெள்ளரியையும் வேகவைக்காத பருப்பையும் புளிப்போடு சேர்த்தவர்கள் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊருக்கு ஒரு மராட்டியச் சமையலறையும் இருந்தது. 1798-இல் ஆங்கிலேயர்கள் தஞ்சை அரியணையிலிருந்து அமர்சிங்கை இறக்கிவிட்டு இரண்டாம் சரபோஜியை அமர்த்தியபோது, அமர்சிங் வந்து தங்கியது திருவிடைமருதூரில்தான். 1802-இல் இறக்கும் வரை இங்கே சிறியதாக ஒரு தர்பார் நடத்தினார். மராட்டியர் தட்டில் வெள்ளரிக்காயோடு வேர்க்கடலைப் பொடி சேர்த்த கோஷிம்பீர் இன்றைக்கும் உண்டு. கர்நாடகத்தில் ஊறிய பருப்போடு கோசம்பரி செய்கிறார்கள். நம்முடையதும் அதே குடும்பம்: பொடியாக நறுக்கிய காய், ஒரு புளிப்பு, தேங்காயோ கடலையோ, கடைசியில் ஒரு தாளிப்பு. இந்த நாலும் சரியாக இருந்தால் உள்ளே என்ன போட்டாலும் தாங்கும். கொய்யாவும் மாதுளையும் தாங்கும், கீரையும் தாங்கும்.

ஆனால் எல்லாக் கீரையும் அல்ல.

இங்கேதான் புதிதாகச் செய்து பார்க்கிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வீடியோவில் பச்சைப் பாலக்கீரையைக் கிள்ளிப்போடுகிறார்களே என்று பார்த்துவிட்டு, கூடையில் கிடைத்த முளைக்கீரையை நறுக்கிப் போடுவார்கள். தொண்டை கரகரக்கும், பல் கூசும், அன்றோடு சாலட்டுக்கு ஒரு கும்பிடு. முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, பாலக் எல்லாவற்றிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது உணவிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது. வேகவைத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். இந்தக் கீரைகளைப் பாட்டிமார்கள் மசியலாக மட்டுமே செய்தது நாக்கு சொன்ன காரணத்துக்காக. அது சரியான காரணமும்கூட. அகத்தியும் முருங்கையும் கூட அடுப்புக்கே உரியவை.

பச்சையாகத் தின்ன ஏற்றவை வேறு. கொத்தமல்லி, புதினா எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அலங்காரத்துக்குத் தூவுவதை விட்டு ஒரு கைப்பிடி போடலாம். இளம் முள்ளங்கித் தழை லேசான காரம். வெந்தயக்கீரையை முளைவிட்டு ஒரு வாரம், பத்து நாளில், இரண்டு மூன்று இலை விட்ட பருவத்தில் கிள்ளினால் கசப்பு தெரியாது. இவை எல்லாவற்றையும்விட டெல்டா மண்ணுக்குப் பொருத்தமானது வல்லாரை. ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே படரும் செடி அது; வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வரும்.

நம் ஊரில் வல்லாரை துவையலாகிறது, இல்லாவிட்டால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மருந்தாகிறது. யாழ்ப்பாணத்தில் அது அன்றாடச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற சம்பல். அவர்கள் செய்முறையில் அடுப்பே கிடையாது. வல்லாரையை மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசறி, தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. சிங்கள வீடுகளிலும் கொட்டுகொல என்ற பெயரில் இதே இலை இதே விதமாகப் பரிமாறப்படுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவே தினமும் பச்சையாகத் தின்கிற இலையை இந்தப் பக்கம் நாம் சூரணமாக டப்பாவில் வாங்குகிறோம்.

சம்பலின் ருசி முழுக்க நறுக்குவதில் இருக்கிறது. வல்லாரை நார் உள்ள இலை. கையால் பிய்த்துப் போட்டால் வாயில் சக்கையாக நிற்கும். காம்பைக் கிள்ளிவிட்டு, பத்துப் பன்னிரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிச் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுருட்டை இடது கையில் பிடித்து அரிவாள்மணையில் மெதுவாகத் தள்ளினால் பச்சை நூல் மாதிரி கீழே விழும். கத்தியும் பலகையும் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம். ஆனால் இலையை நசுக்காமல் அரிவதற்கு அரிவாள்மணைக்கு ஈடு இல்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் பிடிவாதமான கட்சி. மழுங்கிய கத்தியில் நசுங்கிய இலை பத்து நிமிடத்தில் கறுத்துவிடும்.

நறுக்குவதற்கு முன்னால் கழுவுதல். கீரையை அடுப்பில் ஏற்றுகிறவரைக்கும் கழுவுவதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தீ பார்த்துக்கொள்ளும். பச்சையாகத் தின்னும்போது அந்தக் காவல் இல்லை. வாய்க்கால் தண்ணீரில் விளைந்து, அதே தண்ணீரில் முக்கி எடுத்த கட்டில் மண், புழு மட்டுமா இருக்கும்? அமீபாவும் குடற்புழு முட்டையும் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் இருக்கலாம். அதனால் சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்த வல்லாரையைப் பறித்து வந்து பச்சையாகத் தின்பது வேண்டவே வேண்டாம். தொட்டியில் வளர்த்தது உத்தமம். ஒரு வேர்க்கொடியை அகலமான தொட்டியில் நட்டு, கிணற்றடியிலோ குழாயடியிலோ நிழலாக வைத்தால் போதும்.

கடையில் வாங்கிய கட்டைப் பிரித்து, அழுகலையும் மஞ்சள் இலையையும் எடுத்துவிட்டு, அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கின மண் திரும்பக் கீரையிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். மண் வருவது நிற்கும் வரைக்கும் மாற்றி மாற்றி அலசி, கடைசியில் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுவது நல்லது. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைப்பது பூச்சியையும் புழுவையும் கழற்றிவிடும். கிருமி செத்துவிட்டது என்று அதை நம்பிவிடக் கூடாது. சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் எதுவும் இலை பக்கமே போகக் கூடாது. அலசியதைத் துணியில் பரப்பி ஈரம் ஒற்றியெடுக்காவிட்டால் எலுமிச்சையும் உப்பும் இலையில் ஒட்டாமல் வழிந்து கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் வெளியிடத்தில் பச்சை இலை சேர்ந்த எதையும் தவிர்ப்பது புத்திசாலித்தனம். வீட்டில் கழுவியதை நம்பலாம், கடையில் கழுவியதை யார் பார்த்தது?

இவ்வளவு மெனக்கெட்டுப் பச்சையாக ஏன் தின்ன வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பதில் வைட்டமின் சி-யில் இருக்கிறது. அது சூட்டில் அழியும், வேகும் தண்ணீரில் கரைந்து போகும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சோறு, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்து இறைச்சியில் இருப்பது போலச் சுலபமாக உடம்பில் ஏறாது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் கூடுதலாக ஏறும். ஆகவே எலுமிச்சையும் கொய்யாவும் கீரையோடு ஒரே கிண்ணத்தில் இருப்பதற்கு அர்த்தம் உண்டு. சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் அந்த லாபத்தில் பாதி போச்சு. டிகிரி காபிக்குப் பேர்போன வட்டாரத்தில் இதைச் சொல்வது கொஞ்சம் தைரியமான காரியம்தான்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம் என்ற அளவில் சமாதானம் செய்துகொள்ளலாம்.

பழத்தில் முதல் மரியாதை கொய்யாவுக்கு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் ஐம்பதை ஒட்டித்தான். விலையிலும் ஆரஞ்சு கொய்யாவிடம் நிற்க முடியாது. முக்கால் பழமாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும் காய் வேண்டும். குழைந்த பழம் கோசுமல்லியைக் கூழாக்கிவிடும். கார்த்திகை முதல் தை வரை நெல்லிக்காயைத் துருவிப் போடலாம். அப்போது எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் மாங்காய். கொல்லையில் பப்பாளி மரம் இருந்தால் செங்காயாக ஒன்று. மாதுளை முத்து எந்த மாதத்திலும் பொருந்தும். வல்லாரையின் துவர்ப்பை அடக்குவது அதுதான்.

டெல்டாவில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும் பூவன் பழத்தைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். பரிமாறும் நிமிடத்தில், எலுமிச்சையில் ஒரு புரட்டுப் புரட்டி. நறுக்கிய வாழைப்பழமும் ஆப்பிளும் காற்றுப் பட்டதும் கறுப்பது அவற்றிலுள்ள ஒரு நொதியால். புளிப்பு அதன் வேகத்தைக் குறைக்கும். தயிர் விட்டுப் பச்சடி மாதிரிச் செய்கிறவர்கள் அன்னாசியை மட்டும் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது. அன்னாசியின் நொதி தயிரின் புரதத்தை உடைத்து, அரைமணியில் கசக்க வைத்துவிடும்.

பழத்தைக் கலந்து தின்பது நமக்குப் புதிதல்ல. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது வெல்லமும் நெய்யும் தேனும் சேர்ந்த இனிப்பு வழி. உறைப்பு வழி ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் இருக்கிறது: கீறிய மாங்காய், கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு, அதன்மேல் உப்பும் மிளகாய்த்தூளும். அமெரிக்காவில் 1890-களில் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் ஆப்பிளையும் செலரித் தண்டையும் மயோனைசில் புரட்டிக் கொடுத்தார்கள். அது உலகப் புகழ் பெற்றது. மயோனைசின் வேலையை இங்கே தேங்காய்த் துருவலும் தாளித்த நல்லெண்ணெயும் செய்கின்றன. ருசிக்காக மட்டுமல்ல. கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. துளிக் கொழுப்பு இல்லாமல் உடம்பு அதை எடுத்துக்கொள்வது கஷ்டம். 'டயட்' என்று சொல்லித் தாளிப்பை நிறுத்துகிறவர்கள் கரோட்டினையும் சேர்த்தே நிறுத்துகிறார்கள்.

இனிக் கிண்ணத்துக்கு வரலாம். நாலு பேருக்கு அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை அலசி அரைமணி ஊறவைக்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் உடைகிற பதம் போதும், அதற்குமேல் ஊறினால் மாவாகும். கைவேலை எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான். பருப்பைச் சொட்டு நீரில்லாமல் வடித்து, ஒரு வெள்ளரிக்காய், ஒரு கொய்யா, அரை மாதுளையின் முத்து, இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், பொடியாக அரிந்த ஒரு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி சேர்க்கலாம். அரிந்த வல்லாரை ஒரு கைப்பிடி, கொத்தமல்லி அரைக் கைப்பிடி, புதினா நாலைந்து இலை. முதல் முறை செய்கிற வீட்டில் வல்லாரையைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் கொத்தமல்லியைக் கூட்டினால் எதிர்ப்பு வராது. ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டு, எண்ணெய் கொஞ்சம் ஆறின பிறகு மேலே விட வேண்டும். பொங்கப் பொங்கக் கொட்டினால் இலை வதங்கி மறுபடியும் மசியலின் பக்கம் போய்விடும்.

உப்பும் எலுமிச்சையும் எல்லாவற்றுக்கும் கடைசி, இலை போட்ட பிறகு, சாப்பிட உட்காரும்போதுதான். உப்பு பட்டதும் வெள்ளரி தண்ணீர் விட ஆரம்பிக்கும். கால்மணி தாண்டினால் கிண்ணத்தில் பாதி குளம். கல்யாண வீடுகளில் பெரிய அண்டாவில் கலந்து வைத்த கோசுமல்லி ரசம் மாதிரி ஓடுவதற்குக் காரணம் சமையல்காரரின் கைக்குறை அல்ல, பந்தி தாமதமானது.

ஒரு வேளைக்கு எவ்வளவு? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்குக் கீரையும் காயுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. சோற்றை மலையாகக் குவித்துக் காயை ஓரமாக வைக்கிற நெல் நாட்டுத் தட்டுக்கு இது பெரிய கணக்கு. ஒரு கிண்ணம் கோசுமல்லி அதில் கால்பங்கையாவது அடைக்கும். சர்க்கரை நோயாளிகள் பழத்தைக் குறைத்து வெள்ளரியையும் இலையையும் கூட்டிக்கொள்ளலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்களும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏற்பாடு தடுமாறும். அடைமழையில் கீரைப் பாத்தி அழுகும், கொத்தமல்லிக் கட்டு கைக்கெட்டாத விலைக்குப் போகும், கிடைப்பதிலும் சேறு அதிகம். அந்த மாதங்களில் அடுக்களை ஜன்னலில் ஒரு தட்டு மண் போதும். ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொள்ளலாம். கூடை வராத நாளிலும் இலை உண்டு. ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் லாரியேறி, வாடிப்போய்க் குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் லெட்டூஸுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வருடத்துக்கான வெந்தயம் வாங்கிவிடலாம்.

மிச்சம் வைக்கிற பண்டம் அல்ல இது. ஊறிய பருப்பும் பச்சைத் தேங்காயும் சேர்ந்தது தஞ்சாவூர் வெயிலில் பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும். மத்தியானப் பந்தி முடிந்ததுமே மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து, அன்று ராத்திரிக்கே அடை மாவில் கலந்து ஊற்றிவிடுவது வழக்கம்; பருப்பும் தேங்காயும் அடைக்குப் புதிதில்லை, கீரை முருங்கைக்குப் பதில் வேலை செய்துவிடும். மாதுளை முத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டிய வேலை இருக்காது. பிள்ளைகள் அதற்குள் பொறுக்கித் தின்றிருப்பார்கள். மாவில் மிளகாயை மட்டும் ஒன்று குறைத்து அரைக்க வேண்டும்.